கொசுறுத் தண்ணீர்

தண்ணீர் லாரி காலியாகித் திரும்பிப் போனபோது, வரிசையின் கடைசியில் ஐந்து டிரம்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றதோடு போன வாரம் கதையை நிறுத்தியிருந்தேன். ஐம்பது வீடுகள், ஐம்பது டிரம்கள். நாற்பத்தைந்துதான் நிறைந்தன. நிறையாத ஐந்தும் மேல் வரிசைக்காரர்களுடையவை.

அடுத்த லாரி வருவதற்குள் மேல் வரிசையில் எர்மிலாவின் மகன் இறந்துபோனான்.

காலரா வந்த கோடை அது. லீமா நகரத்தின் தெற்கு விளிம்பில் எங்கள் மணல் மேட்டுக்குக் குழாய் வரவில்லை, மின்கம்பம் மட்டும் வந்திருந்தது. வாரத்துக்கு ஒரு லாரி, வீட்டுக்கு ஒரு டிரம். அதில்தான் சமையல், குளியல், வயிற்றுப்போக்கு, எல்லாம்.

என் கணவர் அதீலியோ தண்ணீர்க் கமிட்டித் தலைவர். லாரி ஓட்டியவன் என் தம்பி வில்மர். மேல் வரிசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

"மச்சான் ஓட்டுறான், மச்சான் எண்ணுறான். கணக்கு உதைக்காம என்ன செய்யும்?"

அடுத்த லாரி வரவேண்டிய அன்று காலை அதீலியோ கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ஓட்ஸ் கஞ்சியை நின்றபடியே குடித்தார்.

"இன்னிக்கு நீங்க எண்ண வேணாம். வேற யாரையாவது எண்ணச் சொல்லுங்க" என்றேன்.

"எண்ணலன்னா பயந்துட்டான்னு சொல்லுவாங்க. எண்ணுனா திருடன்னு சொல்லுவாங்க. பயந்தாங்கொள்ளிக்கு திருடன் தேவல."

"விளையாடாதீங்க."

"யாரு விளையாடுறா? ராத்திரி பூரா போட்டுப் பாத்தேன். லாரி பத்து கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். பத்தாயிரம் ஆச்சா? டிரம்முக்கு இருநூறு. எப்படிப் போட்டாலும் அம்பது வருது, நெலிதா. நாப்பத்தஞ்சு வரவே மாட்டேங்குது."

"அப்ப லாரி பத்து இருக்காது."

"தகடு வச்சிருக்கு. உள்ள இறங்கி நானே அளந்தேன், உன் தம்பி டார்ச் பிடிச்சான். பத்துதான்." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. உன் தம்பி திருடனா இருக்கணும்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்ட ஒரு எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னார்.

லாரியின் ஹாரன் கேட்டது.

எங்கள் வீடு மேட்டின் அடியில் இருந்ததால் என் டிரம்தான் எப்போதும் முதலாவது. வில்மர் குதித்து இறங்கி ஹோஸை இழுத்து வந்தான். தூக்கமில்லாத முகம். எர்மிலாவின் பையன் விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

"மேல போய் எர்மிலாவப் பாத்தியாக்கா?"

"பாத்தேன். பேசல அவ. நீ சீக்கிரம் முடிச்சிட்டு கெளம்பு."

"இன்னிக்கு கடைசியிலேந்து ஆரம்பிக்கலாமே. மேல் வரிசை டிரம்மு மொதல்ல?"

"வரிசைய மாத்துனா அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பாங்க" என்றார் அதீலியோ. "எப்பவும்போல ஊத்து."

எப்போதும்போலத்தான் ஊற்றினான். ஒவ்வொரு டிரம்மிலும் உட்புறம் கமிட்டி அடித்த சிவப்புக் கோடு உண்டு. இருநூறு லிட்டர். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் வில்மர் என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன், அவன் விளிம்பு வரைக்கும் விட்டான். அதுதான் யாபா. கொசுறு. எங்கள் மக்களிடம் கொசுறு போடாமல் எதையும் விற்க முடியாது. ரொட்டிக்காரி ஒரு ரொட்டி சேர்த்துப் போடுவாள், மீன்காரன் ஒரு பொடிமீனை மேலே எறிவான். தண்ணீர்க்காரன் வழியும்வரை ஊற்றுவான். கோட்டோடு நிறுத்துகிறவனைக் கஞ்சன் என்று பேர் சொல்லியே கூப்பிடுவார்கள்.

என் டிரம் வழிந்தது. வில்மர் ஹோஸை மடக்கிப் பிடித்து அடுத்த டிரம்முக்கு நகர்ந்தான்.

அப்போதுதான் மேலே விசில்கள் ஊத ஆரம்பித்தன.

திருடன் வந்தால் ஊத வேண்டிய விசில் அது. ஒன்று ஊதினால் கேட்கிற ஒவ்வொரு வீடும் ஊத வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஊதியவர்கள் எல்லோரும் மேல் வரிசையிலிருந்து இறங்கி வந்தார்கள். முன்னால் தியோஃபிலோ. கொத்துவேலை செய்கிறவன், கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு. ஹோஸைப் பிடித்திருந்த என் தம்பியைத் தலைமுடியைப் பற்றி இழுத்தான்.

வில்மர் விழுந்தான். எழுவதற்குள் முதல் உதை வாயில் விழுந்தது.

அதற்குப் பிறகு யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியாது. கால்களைத்தான் பார்த்தேன். ரப்பர் செருப்பு போட்ட கால்கள், வெறுங்கால்கள், ஒரு பெண்ணின் கட்டைச் செருப்பு. அந்தச் செருப்பின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஹோஸ் பாம்புபோலத் துள்ளி எல்லோரையும் நனைத்தது. ஒருவன் ஓடிப்போய் வால்வை மூடினான். தண்ணீர் வீணாகக் கூடாதல்லவா.

மின்கம்பத்துக்கு இழுத்துப் போனார்கள். அந்தக் கம்பத்தில் துணிப்பொம்மை ஒன்று தூக்கில் தொங்கும், கழுத்தில் 'திருடன் எரிக்கப்படுவான்' என்ற அட்டையோடு. மாட்டியது எங்கள் கமிட்டிதான். அட்டையில் எழுத்து அதீலியோவுடையது.

"கயிறு" என்றான் தியோஃபிலோ.

"குடு. நான் கட்டுறேன்" என்றார் அதீலியோ.

தியோஃபிலோ அவரை மேலும் கீழும் பார்த்தான். "மச்சானக் கட்டுறதுக்கு மனசு வருமா தலைவரே?"

"திருடனக் கட்டுறதுக்கு வரும்."

கட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கயிற்றைப் பல சுற்று சுற்றினார், முடிச்சை ஒரே ஒரு உருவு உருவினால் அவிழ்கிறமாதிரி போட்டார். வில்மரின் விரலைப் பிடித்து அந்த நுனியில் வைத்து மடக்கினார். பிறகு திரும்பி நின்று, உள்ளங்கையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். கூட்டத்துக்காக. ஆனால் அறை நிஜமானது.

"அஞ்சு டிரம் எங்கடா?" என்றான் தியோஃபிலோ.

"எடுக்கல."

"ஆயிரம் லிட்டர்டா. ஆயிரம் லிட்டர் வழியில ஆவியாப் போச்சா?"

"எடுக்கலண்ணே. விக்கல. சத்தியமா."

"அப்ப எங்க?"

வில்மர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். கூடவே ஒரு பல்லும் விழுந்தது. அவன் கண் ஒருமுறை கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்த் திரும்பியது. அங்கே தியோஃபிலோவின் மனைவி பெர்த்தா போர்வை நுனியால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

தியோஃபிலோ கையை நீட்டினான். யாரோ மண்ணெண்ணெய் பாட்டிலைக் கொடுத்தார்கள். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"முக்கா லிட்டர் இருக்கும். ஒரு ஆளுக்குத் தாராளம்."

நெஞ்சில் ஊற்றினான். மீதியைத் தலையில். வில்மர் இரும ஆரம்பித்தான். அவன் விரல் முடிச்சில் இருந்தது, ஆனால் உருவி எங்கே ஓட? சுற்றிலும் ஆட்கள்.

அதீலியோ அவன் முன்னால் வந்து நின்றார். "போலீசுக்குச் சொல்லி அனுப்புவோம்."

"போலீசு இந்த மேட்டுல எப்ப ஏறிச்சு? தள்ளுங்க தலைவரே. இல்லன்னா உங்களுக்கும் சேத்து ஊத்த இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வரணும்."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் எதையாவது கையில் எடுக்கத் திரும்பினேன். கம்பியோ கல்லோ. கண்ணில் பட்டது என் டிரம். விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு தண்ணீருக்கு அடியில், நான்கு விரல் ஆழத்தில், லேசாக ஆடியது.

குழந்தைகளுக்குப் பால் ஊற்றும் கமிட்டியில் நான் இரண்டு வருடம் இருந்தவள். ஒரு கோப்பை இருநூற்றைம்பது மில்லி, நான்கு கோப்பை ஒரு லிட்டர். கோப்பையில் ஒரு விரல் கூட ஊற்றினால் கடைசிக் குழந்தைக்குப் பால் இருக்காது. அதை அங்கே கற்றிருந்தேன். தண்ணீரில் அதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கொசுறு என்பது சும்மா வருவது, அதைக் கணக்கில் சேர்ப்பார்களா?

"எர்மிலா!" என்று கத்தினேன். "உன் லிட்டர் பாட்டிலக் குடு!"

எர்மிலா கம்பத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"எதுக்கு?"

"என் தம்பி திருடுனானா இல்லியான்னு பாக்க. பாத்துட்டு எரிங்க. நானே தீக்குச்சி தர்றேன்."

உப்புப் பொட்டலம் கரைப்பதற்காகச் சுகாதார நிலையம் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்திருந்தது. கீறிய கோடுவரை ஊற்றினால் சரியாக ஒரு லிட்டர். கூடினாலும் குறைந்தாலும் மருந்து வேலை செய்யாது என்று நர்ஸ் ஒவ்வொரு வீட்டிலும் மிரட்டிவிட்டுப் போனாள். எங்கள் மேட்டில் வேறு எந்த அளவையும் யாரும் நம்பியதில்லை. அந்தப் பாட்டிலை நம்பினார்கள்.

எர்மிலா மடியிலிருந்து அதை எடுத்தாள். பிள்ளை போன பிறகும் மடியில்தான் வைத்திருந்தாள்.

"நான் ஊத்துறேன். நீ எண்ணு" என்றேன்.

"நான் ஊத்துவேன்" என்றாள். "நீ எண்ணு."

என் டிரம்மிலிருந்து பாட்டிலால் மொண்டு பக்கெட்டில் ஊற்றினாள். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு ஏறினாலும் சிந்திவிட்டு மறுபடி மொண்டாள். கூட்டம் அசையாமல் நின்றது. வில்மரின் சட்டையிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டியது. இருபது பாட்டிலில் பக்கெட் நிறைந்தது.

"பக்கெட்டு இருபது லிட்டர்" என்றேன். "எல்லாரும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. அதுக்கென்ன?"

எர்மிலாவின் காலி டிரம்மை உருட்டி வந்து பக்கத்தில் நிறுத்தி, அந்தப் பக்கெட்டை அதில் கவிழ்த்தேன். பிறகு பக்கெட் பக்கெட்டாக என் டிரம்மிலிருந்து அவள் டிரம்முக்கு. எர்மிலா எண்ணினாள். பத்தாவது பக்கெட்டில் அவள் டிரம்மின் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டது.

"பத்து பக்கெட்டு. இருநூறு" என்றார் அதீலியோ. அவர் முகத்தில் ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது.

என் டிரம்மைச் சாய்த்தேன். அடியிலிருந்தது முழுதாகப் பக்கெட்டில் இறங்கியது. பக்கெட் விளிம்புவரை நிறைந்தது.

"பதினொண்ணு" என்றாள் எர்மிலா.

"நாலு விரல் கொசுறு, இருபது லிட்டர். நாப்பத்தஞ்சு வீட்டுக்கு இருபது இருபதா விட்டா தொள்ளாயிரம் லிட்டர். அவன் எடுக்கல. நாமதான் எடுத்தோம். கொசுறாக் குடிச்சோம்."

தியோஃபிலோ என் டிரம்மை எட்டிப் பார்த்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன், ஆனால் சுவருக்கு எத்தனை செங்கல் என்று கண்ணாலேயே சொல்கிறவன்.

"தொள்ளாயிரம்னா நாலரை டிரம்மு" என்றான் மெதுவாக. "நின்னது அஞ்சு. மிச்சம் அரை டிரம்மு?"

நூறு லிட்டர். ஐந்து பக்கெட்.

அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். போன வாரம் விடியற்காலையில் பன்றிக்கொட்டில் வளைவில் லாரி நின்றிருந்ததையும், பெர்த்தா போர்வைக்குள் பக்கெட்டை மறைத்து மேட்டின் பின்பக்கமாக ஏறியதையும் நான் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஏறினாள். அவளுக்கும் என் தம்பிக்கும் நடுவே இருந்ததை அந்த மேட்டில் அறிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஹோஸ்ல தேங்குது" என்றேன். "ஒவ்வொரு டிரம்முலயும் வழியுது. மண்ணு குடிக்குது. அரை டிரம்மு அதுக்கே பத்தாது."

"ஆமாமா, எங்க வீட்டு வாசல்லயே எவ்வளவு சேறு" என்றாள் ஒருத்தி. கூட்டம் அதை எடுத்துக்கொண்டது. அடித்த கைகளுக்கு இப்போது எங்கே போவதென்று தெரியவில்லை. தீப்பெட்டி வைத்திருந்தவன் அதைச் சட்டைப்பையில் போட்டான்.

தியோஃபிலோ மட்டும் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் தம்பி பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன். பிழைத்தான்தான்.

எர்மிலா பதினோராவது பக்கெட்டின் முன்னால் குந்தியிருந்தாள். அதற்குள் கையைவிட்டுத் துழாவினாள்.

"ஒரு லிட்டர் போதும்னு சொன்னா நர்ஸ்" என்றாள். யாரிடம் என்று இல்லாமல். "கொதிக்க வச்ச தண்ணி ஒரு லிட்டர், பொட்டலம் ஒண்ணு. சாயங்காலம் இன்னொரு லிட்டர். பொட்டலம் இருந்துச்சு எங்கிட்ட. மூணு இருந்துச்சு."

"எர்மிலா" என்றேன்.

"வீடு வீடாக் கேட்டேன். உன் வீட்லயும் கேட்டேன். 'கோட்டுக்குக் கீழ போயிருச்சு எர்மிலா, எங்களுக்கே காணாது'ன்னு நீதான சொன்ன. இருபது லிட்டர். என் புள்ளைக்கு வேண்டியது ஒண்ணு."

பக்கெட்டைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாள். தண்ணீர் அல்ல, பக்கெட்டையே. என் மூக்கு உடைந்தது. நான் விழுந்து எழுவதற்குள் அவள் என் டிரம்மை உருட்டிவிட்டிருந்தாள். அது உருண்டு போய் அடுத்த வீட்டு டிரம்மை இடித்தது.

"கொசுறுத் திருடனுங்க!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். மேல் வரிசையில் ஐந்து வீடுகள்தான். ஆனால் அண்ணன் தம்பி, மச்சான், ஞானத்தகப்பன் என்று கூட வந்தவர்கள் நிறைய. கீழ் வரிசைக்காரர்கள் தங்கள் டிரம்களைக் காப்பாற்ற ஓடினார்கள். மண்வெட்டிகள் வந்தன. ஒருவன் கையில் கடப்பாரை. சற்றுமுன் ஒன்றாக நின்று என் தம்பியை உதைத்தவர்கள் இப்போது ஒருவர் மண்டையை ஒருவர் பிளந்தார்கள். யாரோ லாரியின் பெரிய வால்வைத் திறந்துவிட்டார்கள். லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் கிட்டத்தட்ட பத்து டன் தண்ணீர் பாதையைக் கிழித்துக்கொண்டு சரிவில் இறங்கியது. அதில் வழுக்கி விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

அதீலியோ நடுவில் நின்று விசில் ஊதினார். விடாமல் ஊதினார். அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் கூட வேண்டும் என்பதுதானே ஏற்பாடு. எல்லோரும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள்.

எர்மிலா என்மேல் எறியக் கல்லை ஓங்கினாள். அதைப் பார்த்து அவர் குறுக்கே வந்தார். அவள் கல் அவர் மேல் படவே இல்லை. பட்டது வேறு பக்கத்திலிருந்து வந்த ஒன்று. யாருடையது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. கீழ் வரிசையிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். காதுக்கு மேலே பட்டது. அவர் உட்கார்ந்தார், விழவில்லை. உட்கார்ந்து, விசிலை வாயிலிருந்து எடுத்து, அது தனக்கு எதற்கு என்பதுபோலப் பார்த்தார்.

"நெலிதா, வில்மர அவுத்து விடு" என்றார்.

வில்மர் தானே அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்துவிட்டிருந்தான். மண்ணெண்ணெய் நாற்றத்தோடு மண்டியிட்டு அவர் தலையை மடியில் வாங்கினான். "மச்சான், இங்க பாருங்க மச்சான்" என்றான். அதீலியோவின் கண்கள் திறந்திருந்தன. அவன் சொன்னதுபோல அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மாலைக்குள் மேடு அடங்கியது. டிரம் ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை. அதீலியோவை மேசைமேல் கிடத்தியிருந்தோம். ரத்தமும் சேறுமாக இருந்தார். கழுவ என்னிடம் ஒரு கோப்பைத் தண்ணீர் இல்லை. வில்மரால் நிற்க முடியவில்லை. கோரைப்பாய்த் தடுப்புக்குப் பின்னால் படுக்க வைத்து, சத்தம் காட்டாதே என்று சொல்லியிருந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. தியோஃபிலோ. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்திருந்தான். கையில் ஒரு பக்கெட் தண்ணீர், துணி போட்டு மூடியது.

"தலைவரக் கழுவணும்ல" என்றான். "இருபது லிட்டர் இருக்கு. பத்துமாக்கா?"

தலையாட்டினேன். அவன் உள்ளே வந்து பக்கெட்டை மேசையடியில் வைத்தான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். அதீலியோவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நல்ல மனுஷன். மொறையா எண்ணுவாரு."

"ஆமா."

"நானும் எண்ணிப் பாத்தேன். நாப்பத்தஞ்சு டிரம்மு, இருநூத்தி இருபது இருபதா. ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரம். ஹோஸ்ல ஒரு பக்கெட்டு தேங்கும், மண்ணுல ஒரு பக்கெட்டு போகும்னு வச்சுக்குவோம். அஞ்சு போவாதுக்கா."

நான் துணியைப் பக்கெட்டில் நனைத்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அந்த மேட்டில் அன்று யாரிடமும் அப்படித் தண்ணீர் இருக்க வழியில்லை.

"இது ஏது தியோஃபிலோ?"

"எங்க கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. பலகை போட்டு மூடி வச்சிருந்தா பெர்த்தா. தண்ணியே வராத வீட்டுல." தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். குரலை உயர்த்தவே இல்லை. "கேட்டேன். சொல்ல மாட்டேங்குறா. இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்லிருவா. அதுக்கு முன்னாடி உங்களக் கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்."

பாய்த் தடுப்புக்குப் பின்னால் வில்மர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.